50 லட்சம் தருவதாகச் சொல்லப்படும் தீவிலிருந்து

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்துத் தீவுகளில் போய்க் குடியேறினால் அந்த ஊர் அரசாங்கமே 50 லட்சம் ரூபாய் கையில் கொடுக்கிறது என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. நாகர்கோவிலில் இருக்கும் என் சித்தி அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மக்களே, இத்தன நாளா ஒரு வார்த்தை சொன்னியா? உனக்கும் மாப்பிள்ளைக்குமா சேத்து ஒரு கோடில்லா வந்திருக்கும்" என்று கேட்டுவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அச்சில் வந்ததை நம்புகிற தலைமுறை. ஆனால் அதற்கப்புறம் கூடப் படித்த பெண்கள், அண்ணனோடு வேலை பார்க்கிறவர்கள், முன்பின் தெரியாத ஒரு தம்பி என்று வரிசையாக "அக்கா, எப்படி அப்ளை பண்றது" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால்தான் இந்தக் கடிதம். நான் அந்தத் தீவுகளில் ஒன்றான லூயிஸில், ஸ்டோர்னோவே என்ற சின்னத் துறைமுக ஊருக்குக் கொஞ்சம் வெளியே, கணவர், மகளோடு இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை. 50 லட்சம் எனக்கும் வரவில்லை, வேறு யாருக்கும் வரவில்லை.

நடந்தது இதுதான். 2021இல் ஸ்காட்லாந்து அரசு ஒரு யோசனையை முன்வைத்தது: ஆள் குறைந்துகொண்டே வரும் தீவுகளில் குடியேறுகிறவர்களுக்கும், அங்கிருந்து கிளம்பிப் போகாமல் தங்குகிறவர்களுக்குமாக 100 குடும்பங்களுக்குத் தலா 50,000 பவுண்டு வரை கொடுக்கலாம் என்று. அன்றைய மதிப்பில் அதுதான் உங்கள் 50 லட்சம். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் இதைத் தூக்கிப் போட்டன. அப்புறம் தீவுக்காரர்களிடமே கருத்துக் கேட்டார்கள். அவர்களில் பலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யாரோ நூறு பேருக்குப் பணத்தைக் கொடுப்பதற்குப் பதில் வீடு கட்டுங்கள், கப்பலை ஒழுங்காக ஓட்டுங்கள் என்றார்கள். 2022இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. கைவிட்ட செய்தியை மட்டும் யாரும் பெட்டி கட்டிப் போடவில்லை, அதனால் முதல் செய்தி இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இது பழைய செய்தி என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அந்தச் செய்தி ஒரு தவறான படத்தைப் படிக்கிறவர்கள் மனதில் போடுகிறது: தீவில் ஆள் இல்லை, வீடுகள் சும்மா கிடக்கின்றன, யாராவது வர மாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள் என்று. முதல் பாதி உண்மை. வடக்கே லூயிஸிலிருந்து தெற்கே பாரா வரை நீளும் இந்த மேற்குத் தீவுகளில் 2011 கணக்கெடுப்பில் 27,684 பேர் இருந்தார்கள், 2022இல் அது 26 ஆயிரத்துச் சொச்சம். ஆள் குறைந்தால் வீடு மிஞ்சத்தானே வேண்டும் என்று என் கணவரும் கணக்குப் போட்டார். மிஞ்சவில்லை. மூன்று படுக்கையறை வீட்டில் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் தனியாக இருப்பார். அவர் காலமானதும் வீடு கிளாஸ்கோவிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளைக்குப் போகும். அந்தப் பிள்ளை கோடையில் இரண்டு வாரம் வந்து தங்க அதை வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் சுற்றுலாக்காரர்களுக்கு வார வாடகைக்கு விடும், அதுவும் இல்லையென்றால் இங்கிலாந்தில் வீட்டை விற்றுவிட்டுப் பணத்தோடு வரும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு விற்கும். உள்ளூரில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கும் இருபத்தைந்து வயதுப் பையனால் அந்த விலையோடு போட்டி போட முடியாது. அவனும் கிளாஸ்கோவுக்குப் போகிறான். இப்படியே ஆளும் குறைகிறது, வீடும் கிடைப்பதில்லை.

இதைத் தவிர, யாருமே இல்லாமல் நிற்கும் வீடுகளும் உண்டு. எங்கள் பகுதியில் சாலையோரம் அப்படி ஒரு வீடு, கல் சுவர், ஸ்லேட் கூரை, மாடி ஜன்னல் ஒன்று உடைந்திருக்கிறது, கீழ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேஜையும் சுவரில் மாட்டிய காலண்டரும் அப்படியே இருக்கும். பங்காளிகளுக்குள் பேச்சு வார்த்தை இல்லாமல் நம் ஊர்களில் பூட்டிக்கிடக்கும் பூர்வீக வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். வாரிசு நாலு நாட்டில் இருக்கும், ஒருவர் கையெழுத்துப் போட மாட்டார்.

நிலத்தின் கதை இன்னும் சிக்கல். பச்சையாக, திறந்து கிடக்கிற இந்த மண்ணில் ஒரு சென்ட் வாங்கி வீடு கட்டிவிடலாமே என்று என் மாமனார் கேட்டார். இந்தத் தீவு முழுவதையும் 1844இல் ஜேம்ஸ் மேத்சன் என்ற ஒரே மனிதர் விலைக்கு வாங்கினார், பணம் எங்கிருந்து வந்தது என்றால் நம் நாட்டில் விளைந்த அபினைச் சீனாவில் விற்ற வியாபாரத்திலிருந்து. துறைமுகத்துக்கு எதிரே அவர் கட்டிய கோட்டை இன்றும் கம்பீரமாக நிற்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். 1918இல் தீவு லீவர்ஹியூம் பிரபு கைக்கு வந்தது. அவர் யார் என்று நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம், லைஃப்பாய், சன்லைட் சோப்பு முதலாளி. இங்கே பெரிய மீன் தொழில் நகரம் அமைக்கப் பார்த்தார். போரிலிருந்து திரும்பிய இளைஞர்களோ எங்களுக்கு வேலை வேண்டாம், நிலம் கொடு என்று பண்ணைகளுக்குள் புகுந்துவிட்டார்கள். திட்டம் நடக்காமல் 1923இல் ஸ்டோர்னோவே பகுதி நிலத்தை ஊர் மக்களுக்கே எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த நிலம் இன்றுவரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஓர் அறக்கட்டளையிடம் இருக்கிறது. (தமிழ்நாட்டோடு இந்த ஊருக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கும் மெக்கன்சி தொகுப்பைத் திரட்டிய காலின் மெக்கன்சி, பின்னாளில் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனவர், பிறந்தது ஸ்டோர்னோவேயில்தான். அவர் அங்கே வந்து ஊர் ஊராக அளந்தார், நாங்கள் இங்கே வந்து வீடு வீடாக அலைந்தோம்.)

நிலம் யார் பெயரில் இருந்தாலும் அதை உழுது மேய்த்து வாழ்கிறவர்கள் கிராஃப்ட் என்ற சிறு துண்டுகளின் குத்தகைதாரர்கள். ஜமீன்தார்கள் ஆட்டுப் பண்ணைக்காகக் குடும்பம் குடும்பமாக மக்களை விரட்டியதும், அதை எதிர்த்துப் போராட்டம் நடந்ததும், 1886இல் சட்டம் வந்ததும் பெரிய கதை. அந்தச் சட்டத்தால் குத்தகைதாரரை இனி யாரும் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது, குத்தகை பிள்ளைகளுக்கு வரும், வாடகை சொற்பம். மேட்டு நிலங்களிலும் தீவுகளிலுமாக இப்படி 20,000க்கும் மேற்பட்ட கிராஃப்டுகள் இருக்கின்றன. வைத்திருப்பவர் 32 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும், நிலத்தைத் தரிசு போடக் கூடாது, வேறொருவருக்கு மாற்ற கிராஃப்டிங் ஆணையத்தின் அனுமதி வேண்டும். நல்ல சட்டம், ஏழைக்காக வந்த சட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் புதிதாக வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது, கண்ணில் படும் காலி நிலம் காலி மனை இல்லை. கிராஃப்ட் குத்தகையை அடமானம் வைத்து வங்கி கடன் தராது. வீடு நிற்கும் மனையை மட்டும் கிராஃப்டிலிருந்து சட்டப்படி பிரித்தெடுத்த பிறகுதான் கடன் பேச்சே.

சரி, வாடகை வீட்டுக்கு வருகிறேன், கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்படப் போவது அதுதான்.

எங்கள் ஊரில் புரோக்கரிடம் சொன்னால் சாயந்திரத்துக்குள் நாலு வீட்டைக் காட்டுவார், 'டு-லெட்' பலகை தெருவுக்குத் தெரு தொங்கும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. பெரிய வீட்டுத் தேடல் இணையதளங்களில் இந்தத் தீவைப் போட்டுத் தேடினால் விற்பனைக்குச் சில வீடுகள் வரும், வாடகைக்குப் பல நாள் ஒன்றுமே வராது. வீடு காலியாகிறது என்ற சேதி தபால் நிலையப் பலகையில் ஒரு துண்டுச் சீட்டாக வரும், இல்லையென்றால் உள்ளூர் ஃபேஸ்புக் குழுவில் வரும், பெரும்பாலும் எதிலும் வராமலே வாய்வழியாக முடிந்துவிடும். எங்களுக்கு முதல் வீடு கிடைத்தது நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துச் சமையல்காரம்மா மூலமாக, அவருடைய அண்ணன் வீடு. பார்க்கப் போனபோது அவர் என் சம்பளச் சீட்டைக் கேட்கவே இல்லை. எத்தனை நாள் இருக்கப் போகிறீர்கள், மகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள், அதுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். வந்து ஆறு மாதத்தில் ஓடிவிடுகிற வெளியூர் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறார்கள். பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது, அதனால் என்னைவிட என் மகளுக்குத்தான் மரியாதை அதிகம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிறத்தைப் பார்த்து வீடு மறுத்தார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்களுக்கு அப்படி நடந்ததாகத் தோன்றவில்லை. ஸ்டோர்னோவேயில் பல தலைமுறையாகப் பாகிஸ்தானிக் குடும்பங்கள் இருக்கின்றன, மூட்டையில் துணி சுமந்து விற்க வந்தவர்களின் வழி வந்தவர்கள், அவர்களில் சிலர் உள்ளூர்க்காரர்களோடு இந்தத் தீவின் சொந்த மொழியான கேலிக்கில் பேசுவதைக் கேட்டால் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். 2018இல் இங்கே ஒரு சின்ன மசூதியும் வந்துவிட்டது. ஒரே ஒரு ஹவுஸ் ஓனர் மட்டும் நீங்கள் சமைப்பது ரொம்ப மணக்குமா என்று கேட்டார். மணக்கும் என்றேன். வீடு கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் காற்றுப் போக்கியே இல்லை, என்னாலும் அங்கே மீன் பொரித்திருக்க முடியாது.

குளிர்கால வாடகை என்று ஒன்று இங்கே இருக்கிறது, கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். அக்டோபரில் கொடுப்பார்கள், ஈஸ்டருக்கு முன்னால் காலி செய்யச் சொல்வார்கள், ஏனென்றால் கோடையில் சுற்றுலாக்காரர்களிடம் ஒரே வாரத்தில் அந்த மாத வாடகையைப் பார்த்துவிடலாம். 2017 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்தில் தொடங்கும் சாதாரண வாடகை ஒப்பந்தங்களுக்கு முடிவுத் தேதியே கிடையாது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று இருந்தால்தான், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துத்தான், காலி செய்யச் சொல்ல முடியும், ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவருக்குப் பெரும்பாலும் 84 நாள் அவகாசமும் தர வேண்டும். அப்படியானால் குளிர்கால வாடகை எப்படி நடக்கிறது? வாய்ப்பேச்சில், நம்பிக்கையில் நடக்கிறது. சமையல்காரம்மாவின் அண்ணனும் எங்களிடம் அப்படிச் சொல்லித்தான் வீட்டைக் கொடுத்தார், அப்படியே நாங்களும் காலி செய்தோம். சட்டம் பேசியிருக்கலாமே என்றால், பேசியிருக்கலாம், தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் சமையல்காரம்மாவின் முகத்தில் நான் தினமும் முழிக்க வேண்டும், அடுத்த வீடும் இதே ஊரில் யாரோ ஒருவர் வாய்ச் சொல்லில்தான் கிடைக்க வேண்டும். சட்டத்தால் மிரண்டு, எதற்கு வம்பு என்று வாடகைக்கு விடுவதையே நிறுத்திவிட்டவர்களும் இருக்கிறார்கள். குடியிருப்பவரைக் காக்க வந்த நல்ல சட்டம், வீடு போதாத இடத்தில் பாதி வேலைதான் செய்கிறது.

அந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் சில வாரங்கள் கேரவன் வாசம். நிரந்தரமாக நிறுத்தி வைத்த, சக்கரத்தில் ஓடாத கேரவன். அட்லாண்டிக் காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க அதன் முதுகின் மேல் அகலப் பட்டைகளைப் போட்டு இருபுறமும் கான்கிரீட் கட்டைகளில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். காற்று பலத்த இரவுகளில் அந்தப் பட்டைகள் விடிய விடிய உறுமும், மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து படுத்துக்கொள்வாள், கணவரோ எழுந்து எழுந்து போய்ப் பட்டையை டார்ச் அடித்துப் பார்ப்பார். பார்த்து என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்டதில்லை.

வீடு கிடைத்த பிறகு வரும் செலவையும் யாரும் சொல்வதில்லை. ஸ்டோர்னோவே ஊருக்குள் குழாய் எரிவாயு உண்டு, வெளியே வந்துவிட்டால் கிடையாது. பல வீடுகளில் தோட்டத்தில் ஒரு பெரிய தொட்டி, அதில் மண்ணெண்ணெய், அதை எரித்துத்தான் வீட்டைச் சூடாக்க வேண்டும். ரேஷன் கடையில் கேனோடு வரிசையில் நின்று லிட்டர் கணக்கில் வாங்கிய சரக்கை இங்கே லாரியில் வரவழைக்கிறோம், குறைந்தது 500 லிட்டர் என்பார்கள், பணம் மொத்தமாகப் போகும். மேற்குத் தீவுகளில்தான் ஸ்காட்லாந்திலேயே வீட்டைச் சூடாக்கும் செலவில் திணறும் குடும்பங்களின் விகிதம் அதிகம், அது சும்மா வரவில்லை. பழைய கல் வீடு என்றால் படம் எடுக்க அழகாக இருக்கும், அலமாரியை நகர்த்திப் பாருங்கள், பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருக்கும். வீடு பார்க்கப் போகிறவர்கள் எரிசக்திச் சான்றிதழைக் கேளுங்கள், அது ஏ-யிலிருந்து ஜி வரை மதிப்பெண் போட்டிருக்கும். எஃப், ஜி என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இரண்டு முறை யோசியுங்கள், டிசம்பரில் மூன்றரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், காலை ஒன்பது வரை வெளிச்சம் வராது, சூடாக்கியை அணைக்கவே மனம் வராது. வாடகை போக, உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி வேறு, குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும், ஓனர் இல்லை. நம் ஊரில் வீட்டு வரி ஓனர் பாடு என்று பழகியவர்களுக்கு முதல் பில் வந்ததும் தலை சுற்றும்.

கார் இல்லாமல் ஊருக்கு வெளியே வீடு எடுக்காதீர்கள். இந்திய லைசென்ஸ் 12 மாதம் செல்லும், அதற்குள் இங்கத்திய தேர்வில் தேறிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பவே கூடாது. லூயிஸ் இன்னும் ஞாயிறை ஓய்வு நாளாகக் கடைப்பிடிக்கும் ஊர்: ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிறு கப்பலே 2009இல்தான் ஆரம்பித்தது, டெஸ்கோ கடை ஞாயிறு திறக்க 2024 நவம்பர் ஆனது, அதற்கும் பெரிய எதிர்ப்பு. எங்கள் இரண்டாவது ஹவுஸ் ஓனரம்மா சாவியைக் கொடுக்கும்போது வீட்டைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, ஞாயிறன்று மட்டும் துணியை வெளியே காயப் போடாதீர்கள், பக்கத்து வீட்டில் வயதானவர் இருக்கிறார் என்றார். போடுவதில்லை. இதையெல்லாம் பெரிய கஷ்டமாக நான் நினைக்கவில்லை, நாகர்கோவிலில் திருவிழா நாளில் எதைச் செய்யலாம் செய்யக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள்தானே.

இப்போது வீடு வாங்குவது. வாடகைக்கு அலைவதற்குப் பதில் வாங்கிவிடலாம் என்று இங்கே வருகிற நம்மவர்கள் சீக்கிரமே யோசிப்பார்கள். ஸ்காட்லாந்தில் வாங்கும் முறையே வேறு. விற்கிறவர் முதலில் வீட்டின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை தயாரித்துக் காட்ட வேண்டும், 2008 முதல் இது கட்டாயம். கூரை, ஈரம், மின்சாரம் என்று ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3 என்று எண் போட்டிருப்பார்கள், 3 என்றால் உடனே கவனிக்க வேண்டியது. விலைக்குப் பதில் 'இதற்கு மேல் கேளுங்கள்' என்று ஒரு தொகை. பலர் கேட்டால் ஒரு தேதி குறித்து, அவரவர் வக்கீல் மூலம் மூடிய கவர் மாதிரி ஒரே ஒரு தொகையைச் சொல்ல வேண்டும், மற்றவர் எவ்வளவு சொன்னார் என்று தெரியாது. அறிக்கையில் போட்ட மதிப்புக்குத்தான் வங்கி கடன் தரும், அதற்கு மேல் நீங்கள் சொன்னது உங்கள் கைக்காசு. தெற்கே இங்கிலாந்திலிருந்து பணத்தோடு வருகிறவர்களிடம் தோற்பது இந்த இடத்தில்தான்.

இதைவிட முக்கியமானது வரி. ஏற்கெனவே ஒரு வீடு வைத்திருப்பவர் ஸ்காட்லாந்தில் இன்னொரு வீடு வாங்கினால் முழு விலைக்கும் கூடுதல் வரி கட்ட வேண்டும், 2024 டிசம்பர் முதல் அது 8 சதவீதம். அந்த ஏற்கெனவே உள்ள வீடு உலகில் எங்கே இருந்தாலும் கணக்கில் வரும்! அப்பா உங்கள் பெயரில் எழுதி வைத்த வீடு, கல்யாணத்துக்கு முன்னால் கணவர் லோன் போட்டு வாங்கிய ஃபிளாட், அண்ணன் தம்பிகளோடு கூட்டாக இருக்கும் வீட்டில் உங்கள் பங்கு, எதுவாக இருந்தாலும் அதன் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் சேரும். கணவன் மனைவியை ஒரே ஆளாகத்தான் பார்ப்பார்கள், என் பெயரில் ஒன்றும் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. ஒன்றரை லட்சம் பவுண்டு வீட்டுக்கு இந்த வரி மட்டும் 12,000 பவுண்டு. இதற்கு வங்கி கடன் தராது. முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு உள்ள சலுகையும் கிடையாது. விலக்குகள் சில இருக்கின்றன, வக்கீலிடம் முதல் நாளே இந்தியச் சொத்தையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். சேமிப்பையெல்லாம் முன்பணமாகக் கணக்குப் போட்டு வைத்துவிட்டு, கடைசி வாரத்தில் இது தெரிந்து பின்வாங்கிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். இந்த வரியே இரண்டாம் வீடு வாங்கிப் பூட்டி வைக்கிறவர்களைத் தடுக்க வந்ததுதான். அதில் நாகர்கோவில் ஓட்டு வீடும் மாட்டிக்கொள்கிறது.

தீவுகள் எல்லாமே இப்படி மூடிக் கிடக்கின்றன என்று சொல்லவில்லை. எக் (Eigg) என்ற குட்டித் தீவை 1997இல் அங்கே குடியிருந்தவர்களே சேர்ந்து, வெளியே நன்கொடை திரட்டி விலைக்கு வாங்கினார்கள். அறுபத்துச் சொச்சமாக இருந்த ஆள் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. நிலம் அவர்கள் கையில் இருப்பதால் யாருக்கு வீடு, என்ன வாடகை என்பதை அவர்களே முடிவு செய்யலாம். 2002இல் கீயா தீவும் இப்படியே. ஆனால் அங்கேயும் கூட்டத்தைப் பாருங்கள்: ரம் தீவில் 2020இல் புதிதாகக் கட்டிய நாலே வீடுகளுக்குக் குடும்பங்கள் தேவை என்று அறிவித்தபோது நானூறு பேருக்கு மேல் கேட்டு எழுதினார்கள். அது முப்பது பேர் வாழும் தீவு. ஆள் வரவில்லை என்பது எங்கேயுமே பிரச்சினை இல்லை.

சுற்றுலாவுக்கு விடுகிறவர்களைத் திட்டுவது சுலபம், இங்கே உள்ளவர்களே திட்டுவார்கள், ஆனால் நெசவு, மீன், ஆடு என்று நாலு வேலை சேர்த்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்த அறை வாடகைதான் ஐந்தாவது வருமானம். என் கோபம் வருஷம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் வீடுகள் மேல்தான். அவற்றில் இரண்டாம் வீடாக வைத்திருப்பவற்றுக்கு 2024 ஏப்ரல் முதல் கவுன்சில் வரியை இரட்டிப்பாக்கக் கவுன்சில்களுக்கு அதிகாரம் வந்திருக்கிறது, வசதியுள்ளவர் அதையும் கட்டிவிட்டுப் போகிறார். மல், ஐலா தீவுகளை வைத்திருக்கும் ஆர்கைல் - பியூட் கவுன்சில் 2023இல் ஸ்காட்லாந்திலேயே முதலாவதாக வீட்டு நெருக்கடி நிலையை அறிவித்தது. 2032க்குள் 1,10,000 மலிவு வீடுகள், அதில் பத்தில் ஒன்று கிராமங்களுக்கும் தீவுகளுக்கும் என்று அரசு சொல்கிறது, எங்களைப் போன்ற அத்தியாவசிய ஊழியர்களுக்கு வீடு ஏற்பாடு செய்ய 2023இலிருந்து 2028 வரை 2.5 கோடி பவுண்டு வரை ஒதுக்கியிருக்கிறது. நல்லது. ஆனால் செங்கல்லிலிருந்து ஜன்னல் கண்ணாடி வரை கப்பலில் வர வேண்டும், காற்று அடித்தால் கப்பல் வராது, கட்டுகிற ஆட்களுக்குத் தங்க வீடு கிடையாது. கடைசியில் சொன்னது ஜோக் இல்லை.

வரத்தான் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு. முதலில், முதியோர் பராமரிப்பு உதவியாளர் வேலைக்கு விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கிளம்பச் சொல்லுங்கள், 2025 ஜூலை 22இலிருந்து அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதைப் பிரிட்டன் நிறுத்திவிட்டது. நர்ஸ், டாக்டர் போன்ற தகுதியுள்ள வேலைகளுக்கு இன்னும் வழி இருக்கிறது. வேலைக் கடிதம் வந்ததும் கையெழுத்துப் போடாதீர்கள், தங்க இடம் தருவீர்களா, எத்தனை மாதத்துக்கு, குடும்பம் வந்தால் அதே இடத்தில் இருக்கலாமா, வாடகை எவ்வளவு, இதெல்லாம் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், இங்கே ஆள் எடுக்கிறவர்களுக்கு வீட்டுப் பிரச்சினை நம்மைவிட நன்றாகத் தெரியும், கேட்காதவரிடம் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். வேலையோடு சேர்த்து வரும் வீட்டில் ஓர் ஆபத்தும் உண்டு, வேலை போனால் வீடும் போகும், விசாவும் வழக்கமாக 60 நாளில் முடியும், மூன்றும் அடுத்தடுத்து. அதனால் அதில் உட்கார்ந்துவிடாமல் வந்த நாளிலிருந்தே வேறு வீட்டுக்குச் சொல்லி வையுங்கள்.

பார்க்காத வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் கடல் தெரியும் ஜன்னலைக் காட்டி மூன்று மாத வாடகை கேட்கும் மோசடிக்காரர்கள் நம் ஆட்களைத்தான் குறிவைக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் வாடகைக்கு விடும் ஓனர் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம், பெயர் இல்லையென்றால் பேச்சை நிறுத்துங்கள். அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் ஓனர் தன் கையில் வைத்துக்கொள்ள முடியாது, அதற்கென்று உள்ள காப்புத் திட்டத்தில் 30 வேலை நாட்களுக்குள் கட்டிவிட வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து, அதை வாங்க நடையாய் நடந்தவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே இந்த நாடு பிடித்துப் போகும்.

முடிந்தால் குடும்பத்தை விட்டுவிட்டு ஒருவர் மட்டும் முதலில் வாருங்கள், அதுவும் குளிர்காலத்தில். ஜூன் மாதம் இரவு பத்தரைக்கு வெளிச்சத்தில் கடலைப் பார்த்துவிட்டு இங்கே வாழ முடியுமா என்று யாரும் முடிவு செய்யக் கூடாது.

எங்களுக்கு இப்போது ஒரு வீடு இருக்கிறது, வாடகை வீடுதான், சுற்றுலாக்காரருக்கு விடுகிற எண்ணம் ஓனரம்மாவுக்கு இல்லை, கேட்டுவிட்டோம். மகள் பள்ளியில் கேலிக் கற்கிறாள். திரும்பிப் போவீர்களா என்று சித்தி கேட்டால் இப்போதைக்கு இல்லை என்கிறேன்.

ஐயா, பக்கம் போதாது என்று இந்தக் கடிதத்தை நீங்கள் வெட்டித்தான் போடுவீர்கள். அபின் கதையை வெட்டுங்கள், கேரவனை வெட்டுங்கள், மெக்கன்சியையும் வெட்டலாம். 50 லட்சம் என்ற திட்டம் 2022இலேயே கைவிடப்பட்டது என்பதையும், அந்த 8 சதவீத வரிப் பத்தியையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். முன்னது போட்ட அதே பக்கத்தில், அதே அளவு பெட்டியில் வந்தால் நல்லது, சித்தி அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
லூயிஸ் தீவு, ஸ்காட்லாந்து